ஐந்தரை அடி

முதலில் கம்பளத்தைக் கிழித்தேன்.
அதன் கீழே இன்னொரு கம்பளம்,
அதன் கீழே பிளைவுட்,
அதன் கீழே ஈரம்.
ஸ்க்ரூடிரைவர் அரைச்சாண் இறங்கியது,
வெண்ணெய்க்குள் இறங்குவதுபோல்.

எண்பத்து நாலாம் வருடத்து டோயோட்டா.
முதுகில் ஒரு வீட்டைச் சுமக்கச் சொன்னால்
சுமக்கும், ஆனால் முனகும்.
ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்றான் விற்றவன்,
மைனாட்டில் மூன்று வாரம்
மழையே இல்லாத சமயம் பார்த்து.

கூரையோரப் பரண்படுக்கை போனது.
நால்வர் உட்காரும் மேசை போனது.
யாரும் ஒருநாளும் சூடேற்றாத அவன்
காகிதம் சுற்றிய தட்டோடு போனது.
சுவர்ப்பலகையைப் பெயர்த்தபோது
பின்னால் நின்றபடி ஒரு சீட்டு:
ஸ்பேடு ஏழு.

எத்தனை மழைநாள்
ஐம்பத்தோரு சீட்டோடு ஆடியிருப்பார்கள்,
தோற்றவன் ஒவ்வொரு முறையும்
அடுத்தவன் சட்டைக்கையை
முறைத்திருப்பான்.

நாலு சிலிண்டர் எஞ்சின்.
பவுண்டு கூடினால் மேட்டில் தெரிந்துவிடும்.
தானியக் கிடங்கில் ஆர்லன்
எடைமேடையைச் சும்மா விட்டான்.
வண்டியோடு நானும் ஏறி நின்றேன்.
ரசீதில் சரக்கு என்ற இடத்தில்
தானாகவே அச்சானது: கோதுமை.
அறுபத்து மூன்று வயதில்
என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை.
மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு மாதம்.
பாப்லர் பலகை, ஏனென்றால் ஓக் கனம்.
தகரச் சிங்க், பீங்கான் இல்லை.
ஒரு மூலைகூட நேர்மூலை இல்லை,
மட்டக்கோலை வைத்தால் குமிழி
இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது.
முதலில் வண்டியைத் திட்டினேன்,
அப்புறம் என் முற்றத்தை.
கடைசியில் மட்டக்கோலைத் தூக்கிப் போட்டுவிட்டுக்
கண்ணால் அறுத்தேன்.

பழைய கட்டில் ஆறடி இரண்டு அங்குலம்.
என் உயரம் ஐந்து அடி இரண்டு.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
ஒரு சாயங்காலம் முழுக்க
அதன் எதிரே நின்றேன்.
மறுநாள் காலை
ஐந்தரை அடியில் கோடு போட்டு,
மனம் மாறுவதற்குள்
ரம்பத்தை ஓட்டினேன்.

காஸ் குழாய்க்கு மட்டும் டுவேன்.
பிரிந்து பதினோரு வருடம்;
இந்த ஊரில் லைசென்ஸ் உள்ள கை
அவனுடையதுதான், என்ன செய்ய.
தலையைக் குனிந்தபடியே உள்ளே வந்தான்,
குனிந்தபடியே இருந்தான்.
இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினான்.
சின்னச் சின்னக் கொப்புளம்.
கால் சுற்று முறுக்கினான்.
இன்னும் ஒன்று ஊதி, உடைந்தது.
இன்னும் கொஞ்சம்.
ஒன்றுமில்லை என்று உறுதியாகும்வரை
இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இவ்வளவு நேரம்
நாங்கள் சேர்ந்து எதையும் பார்த்ததில்லை.

கை துடைத்துவிட்டுக்
கேட்காமலே கட்டிலில் சாய்ந்தான்.
கரண்டைக்காலிலிருந்து கீழே
அவன் கால்கள் காற்றில் நின்றன.
"குட்டையா இருக்கே மார்லிஸ்."
"எனக்குச் சரியா இருக்கு."
கூரையைப் பார்த்தான், புதுப் பலகையில்
நான் ஆணி அடித்துப் பிளந்த இடத்தைப் பார்த்தான்.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பது டாலர் வாங்கிக்கொண்டு போனான்.
அறுபதாவது கேட்பான் என்று நினைத்திருந்தேன்.

மேல் அலமாரிக் கதவு ஒன்று
மூடினால் இடித்தது.
கீல் உட்கார்ந்த பள்ளம் ஆழம்,
ஒரே ஒரு சீட்டின் கனம்.
ஸ்பேடு ஏழை வெட்டிக் கொடுத்தேன்.
இப்போது இடிப்பதில்லை.

மறுபடி எடை போட்டதில்
பழையதைவிடப் பதினெட்டு பவுண்டு அதிகம்.
ஆர்லன் சிரித்தான்.
இந்த முறை நானே கேட்டேன்,
கோதுமை என்றே இருக்கட்டும்.

கட்டிலில் மிஞ்சிய எட்டு அங்குலத்தில்
ஓர் இழுப்பறை செய்திருக்கிறேன்.
என்ன வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.
ராத்திரி விளக்கை அணைக்கும் முன்
சும்மா ஒருமுறை இழுத்து மூடுகிறேன்.
சத்தமே இல்லாமல் ஓடுகிறது.